மனிதனை நடுவில் வைத்த காலத்தைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் படிப்பது? – விவாத இழை

மஞ்சக்குப்பம் வாசகர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நம் பங்குகளிலும் சபைகளிலும் வரலாற்றைப் பற்றி ஒரே கதையைத்தான் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். ஐரோப்பா ஒரு காலத்தில் கடவுளுக்கு அஞ்சி வாழ்ந்தது. மறுமலர்ச்சிக் காலத்தில் மனிதன் தன்னையே அளவுகோலாக்கிக்கொண்டான். அன்று தொடங்கிய சரிவு, கடவுளைச் சாராமல் மனித நலனையே அளவாகக் கொள்ளும் சமயச்சார்பற்ற மனிதநேயத்தில் வந்து முடிந்தது என்பதே அந்தக் கதை. இதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நாத்திகத்தின் மீதுள்ள பரிவால் இதைச் சொல்லவில்லை. கிறிஸ்தவ வரலாற்றுப் பார்வை என்று எதைச் சொல்ல வேண்டுமோ, அதற்கே இக்கதை பகையாக நிற்கிறது என்பதால் சொல்கிறேன்.

410-ஆம் ஆண்டு கோத் இன மன்னன் அலாரிக்கின் படை உரோமை நகரைச் சூறையாடியது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் நகரம் வீழ்ந்தது என்று ஒரு சாரார் பழித்தார்கள். கிறிஸ்தவர்களின் கலக்கம் வேறு வகையானது. கான்ஸ்டன்டைன் மன்னரின் காலம் முதல் பேரரசும் திருச்சபையும் கைகோத்து வளரும் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் போன்றோர் எழுதியதை நம்பியிருந்தவர்களுக்கு, பேரரசின் வீழ்ச்சி கடவுளின் தோல்வியாகவே தோன்றியது. இரு சாராருக்கும் சேர்த்து மறுமொழி எழுதத் தொடங்கிய ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார், பல ஆண்டுகள் உழைத்து 426-இல் ‘கடவுளின் நகர்’ என்னும் நூலை 22 பகுதிகளில் முடித்தார். கடவுளை நேசிப்போரின் நகரும் தன்னையே நேசிப்போரின் நகரும் இறுதித் தீர்ப்பு வரையில் பின்னிப் பிணைந்தே கிடக்கும். திருச்சபைக்கு உள்ளேயே அந்நியர் இருப்பர், அதன் பகைவர்களுக்குள்ளேயே நாளைய குடிமக்கள் மறைந்திருப்பர். ஆகவே எந்த அரசையும் எந்த நூற்றாண்டையும் சுட்டி இதுதான் கடவுளின் நகர் என்று எவரும் சொல்ல முடியாது என்பதே அவருடைய அடிப்படை வாதம். இதை ஏற்றுக்கொண்ட ஒருவர், ‘கிறிஸ்தவப் பொற்காலம் ஒன்று இருந்தது, அதை மனிதநேயர்கள் திருடிக்கொண்டார்கள்’ என்று எப்படிப் பேச முடியும்?

திருடியவர்கள் என்று நாம் சுட்டுகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1336-இல் வென்டூ மலையில் ஏறிய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் கையில் இருந்தது அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’. கான்ஸ்டன்டைன் தம் மேற்கு நாடுகளைத் திருத்தந்தைக்கு எழுதிக் கொடுத்ததாகக் காட்டப்பட்ட ஆவணம் போலி என்று 1440-இல் மொழிநடையை வைத்தே மெய்ப்பித்த லொரென்சோ வல்லா, பிற்பாடு திருத்தந்தையின் அலுவலகத்திலேயே செயலராகப் பணியாற்றினார். 1516-இல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டவர் எராஸ்மஸ். ஜெனிவாவில் 1553-இல், திரித்துவத்தை மறுத்த செர்வெட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டபோது, ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது ஆகாது, மனிதனைக் கொல்வதுதான் என்று எழுதிய காஸ்டெல்லியோ விவிலியத்தை மொழிபெயர்த்தவர். இவர்களில் ஒருவரும் கிறிஸ்துவை மறுத்தவர் அல்லர்.

மறுப்பு எங்கே பிறந்தது என்றால், நாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இடத்தில் பிறந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு, அமைதிக்குச் சமயம் அடித்தளமாகாது என்று சிந்திப்போர் முடிவுகட்டியதில் வியப்பில்லை. ஆயர் பொசுவே 1681-இல் உலக வரலாறு முழுவதையும் கடவுளின் ஏற்பாடாக விளக்கி, பிரெஞ்சு இளவரசருக்கென ஒரு நூல் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் பதினான்காம் லூயி, சீர்திருத்தச் சபையினருக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, அதே பொசுவே அந்த மன்னரைப் புதிய கான்ஸ்டன்டைன் என்று புகழ்ந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1756-இல் வெளியிட்ட உலக வரலாற்றை யூதர்களிலிருந்து தொடங்காமல் சீனாவிலிருந்து தொடங்கியது இந்தப் பொசுவேக்குக் கொடுத்த பதில். கடவுளின் ஏற்பாட்டை அரண்மனையின் ஏற்பாடாக நாம் மாற்றிக் காட்டிய பிறகுதான் அவர் வந்தார்.

ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துச் சென்றார்கள். காலம் வட்டமாகச் சுழல்வதன்று, ஒரு நிறைவை நோக்கி நடக்கிறது என்ற நம்பிக்கையே அது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்செ 1793-94-இல் புரட்சி அரசின் கைது ஆணைக்கு அஞ்சி ஒளிந்திருந்த அறையில், மனித அறிவின் முன்னேற்றத்தைப் பத்துக் காலகட்டங்களாகப் பிரித்து எழுதினார். பத்தாவது கட்டம் வரப்போகும் பொற்காலம். ஒளிவிடத்தை விட்டு வெளியேறிய சில நாட்களில் சிறையில் இறந்து கிடந்தார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோந்த் 1849-இல் பதின்மூன்று மாதங்கள் கொண்ட நாட்காட்டி ஒன்றை வகுத்து, புனிதர்களின் இடத்தில் மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில் முதலான மாமனிதர்களை வைத்தார். 1933-இல் அமெரிக்காவில் வெளியான முதல் மனிதநேய அறிக்கை, அண்டம் படைக்கப்படாமல் தானே இருப்பது என்று கூறியது. அதில் கையொப்பமிட்டவர்களில், திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபையின் போதகர்களே பலர். 1973-இல் வந்த இரண்டாம் அறிக்கை, நாத்சிக் கொடுமைகளைக் கண்ட பின்பு முந்தைய அறிக்கை மிகையான நம்பிக்கை கொண்டிருந்ததாக வெளிப்படையாகவே எழுதியது.

என் கருத்து இதுதான். சமயச்சார்பற்ற மனிதநேயம் நம் வீட்டில் பிறந்து, நம் கொடுமையைக் கண்டு வெளியேறிய பிள்ளை. போகும்போது நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, தீர்ப்பையும் மன்னிப்பையும் விட்டுச் சென்றது. இதைப் பகையாகப் பேசாமல், படித்தவர்கள் தம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை சகோதரன் எழுதியது:

ஐயா, தங்கள் பதிவைப் பொறுமையாக வாசித்தேன். ஆனால் சரிவு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியில் வேதவசனங்களை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பிள்ளைகள், கல்லூரிக்குப் போன இரண்டாம் ஆண்டிலேயே கடவுள் என்பது மனிதனின் கற்பனை என்று பெற்றோரிடம் வாதம் செய்கிறார்கள். கடைசி நாட்களில் மனுஷர் தற்பிரியராயிருப்பார்கள் என்று பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார் அல்லவா? மனிதனே எல்லாம் என்று சொல்லும் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு எது?

திருப்பாதிரிப்புலியூர்ப் பகுத்தறிவாளன் எழுதியது:

மஞ்சக்குப்பம் ஐயா நேர்மையாக எழுதியிருக்கிறார், அதற்கு என் மதிப்பு உண்டு. ஆயினும் நல்லவை எல்லாம் எங்கள் வீட்டில் பிறந்தவை என்ற உரிமை கொண்டாடலை நான் ஏற்கவில்லை. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் புரோத்தாகரஸும் எபிகூரஸும் இருந்தார்கள். இந்த நாட்டில் மறுவுலகை மறுத்த உலகாயதர் இருந்தார்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று கணியன் பூங்குன்றனார் பாடியபோது, அவருக்கு எந்த ஆகமமும் எந்தத் தீர்ப்பு நாளும் தேவைப்படவில்லை.

தாங்கள் போற்றும் அகுஸ்தீனாரே, பிரிந்து சென்ற தோனாத்திய சபையினரை அரசின் கையால் வலிந்து உள்ளே கொண்டுவரலாம் என்று நியாயம் கற்பித்தவர். விருந்துக்கு வர மறுப்போரை வற்புறுத்திக் கூட்டி வாருங்கள் என்ற லூக்காவின் உவமையை அதற்குச் சான்றாகக் காட்டினார். பின்னாளில் வந்த விசாரணை மன்றங்களுக்கு அவருடைய எழுத்துகள் பயன்பட்டன. ஆகவே பழியைப் பொசுவே தலையில் மட்டும் ஏற்றுவது போதாது.

நம் மண்ணின் செய்தி ஒன்றையும் சேர்க்க வேண்டும். தமிழில் இக்கொள்கை ஐரோப்பாவின் சமயப் போர்களால் வேர்விடவில்லை. சென்னையில் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்ற இதழை நடத்திய சுயசிந்தனையாளர்கள் சாதியையும் பெண்ணடிமையையும் சடங்குகளையும் எதிர்த்து எழுதினார்கள். 1925-இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கியபோது அதைத் திறந்துவைத்தவர் எங்கள் ஊர்த் திருக்கோவலூர் ஆதீனத்து ஞானியாரடிகள், ஒரு சைவத் துறவி. ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று இங்கே சொல்லப்பட்டதற்குக் காரணம், கடவுளின் பெயரால் மனிதன் கிணற்றுக்கும் தெருவுக்கும் வெளியே நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அகுஸ்தீனாரும் தேவைப்படவில்லை, வால்டேரும் தேவைப்படவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர் எழுதியது:

சகோதரருக்கு முதலில். தாங்கள் காட்டிய அதே பகுதியில், இரண்டு மூன்று வசனம் தள்ளி, இந்தத் தற்பிரியர்கள் தேவபக்தியின் வேஷம் தரித்தவர்கள் என்றும் பவுல் எழுதுகிறார். வேடம் தரிப்பவர் ஆலயத்துக்கு வெளியே இருப்பவர் அல்லர். கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் கல்லூரி மாணவனுக்கு அந்த வேடம் எதற்கு? அந்த வசனத்தை முதலில் நம்மீது பொருத்திப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் போக வேண்டும் என்பது என் பணிவான எண்ணம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டில் பதில் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தோழருக்கு அடுத்து. தோனாத்தியர் பற்றிய செய்தி உண்மை. அகுஸ்தீனாரின் எழுத்துகளிலேயே மிகவும் வேதனை தருவது அதுதான். இரு நகரங்களும் கலந்தே இருக்கும் என்று எழுதிய அதே கை, அரசின் வாளைக் கொண்டு அவற்றைப் பிரிக்கவும் ஒப்பியது. அவருடைய அளவுகோல் அவரையே குற்றம் சாட்டுகிறது. அந்த அளவுகோலைத்தான் நான் கையில் எடுக்கிறேன்.

பூங்குன்றனாரின் பாட்டை நான் பள்ளி நாளிலிருந்து நேசிக்கிறேன். ஆனால் அதன் முதல் வரியோடு நிறுத்திவிடக் கூடாது. மலையிலிருந்து இறங்கும் பேராற்றின் வழியே மிதந்து செல்லும் புணையைப் போல உயிர் ஊழின் வழியே செல்லும் என்றும், ஆதலால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்றும் பாட்டு முடிகிறது. அது உயர்ந்த அறம். ஆனால் ஆற்றின் போக்கை மாற்றலாம், நாளை இன்றைவிட நீதியுள்ளதாக இருக்கும், இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அதில் இல்லை. எபிகூரஸிடமும் இல்லை, அவர் தோட்டத்துக்குள் அமைதி தேடினார். சிறியோரை இகழக் கூடாது என்பதோடு நில்லாமல், சிறியோர் எழுந்து நிற்கும் நாள் வரலாற்றுக்குள்ளேயே வந்தாக வேண்டும் என்று பெரியார் பேசினார். அவர் பூங்குன்றனாரை விட ஏசாயா இறைவாக்கினருக்கு நெருக்கமானவர் என்பது என் கருத்து. தோழர் இதை மறுப்பார் என்பதும் தெரியும்.

புதுவை வரலாற்று ஆசிரியை எழுதியது:

நான் எச்சபையையும் சேர்ந்தவள் அல்லள். எங்கள் ஊரில் நடந்தவற்றைக் கொண்டு இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்தால், ஒவ்வொரு நாளின் தலைப்பிலும் தமிழ் ஆண்டும் ஐரோப்பியத் தேதியும் அருகருகே நிற்கின்றன. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் விபவ வருடத்தின் ஆவணி மாதமும், திரும்பி வராத 1748-ஆம் ஆண்டின் செப்டம்பர் மாதமும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. மஞ்சக்குப்பம் ஐயா குறிப்பிட்ட இருவகைக் காலங்களும் எங்கள் ஊரில் ஒரே மனிதரின் கையில் இருந்தன. நான் சொன்ன அந்த மாதத்தில்தான், ஆங்கிலேயரின் முற்றுகைக்கு நடுவே, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1745-இல், இன்னொரு இடிப்பையும் அவர் பதிவுசெய்கிறார். புதுச்சேரியில் சேசு சபையினரின் சம்பா கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைத் தனியே உட்கார வைப்பதற்கு ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அம்மக்கள் திரண்டு சென்று குருக்களிடம் முறையிட்டார்கள். ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் நடுவில் சுவர் எதற்கு என்பதே முறையீட்டின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது, உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அச்சுவரை எழுப்பியவர்களும் கிறிஸ்தவர்கள், இடிக்கச் சொன்னவர்களும் கிறிஸ்தவர்கள். ஐரோப்பாவில் மனித உரிமைப் பிரகடனம் வருவதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்கள் அந்த வாதத்தை இங்கே வைத்துவிட்டார்கள். தோழர் சொல்வதுபோல் இங்குள்ள மனிதநேயத்துக்கு வால்டேர் தேவைப்படவில்லை என்பது சரி. கிறிஸ்தவம் தேவைப்படவில்லை என்பது இந்த நிகழ்வுக்குப் பொருந்தவில்லை.

வால்டேரும் புதுச்சேரியை அறியாதவர் அல்லர். இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்னும் பிரெஞ்சு அதிகாரி 1760-இல் ‘எசூர்வேதம்’ என்ற கையெழுத்துப் படியை அவரிடம் கொடுத்தார். விவிலியத்துக்கும் முந்திய தூய ஓரிறை வழிபாடு இந்தியாவில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று மகிழ்ந்த வால்டேர், மறு ஆண்டே அதைப் பாரிசின் அரச நூலகத்துக்கு அளித்தார். கிறிஸ்தவர்கள் சொல்லும் உலக வரலாற்றை உடைக்க அதைப் பல இடங்களில் எடுத்தாண்டார். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், புதுச்சேரி மறைப்பணியாளர்களின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து, அது பழைய வேதம் அன்று, கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் ஆக்கிய நூல் என்று காட்டினார். அவர் இறந்த பிறகு 1822-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. இந்துக்களைத் தம் பக்கம் ஈர்ப்பதற்கென்று கிறிஸ்தவர் எழுதியது, கிறிஸ்தவத்தை மறுப்பதற்கான ஆயுதமாக ஐரோப்பாவில் பயன்பட்டது. தம் கருத்துக்கு உகந்த சான்றைச் சோதிக்காமல் ஏற்பதில் இரு தரப்பும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

வால்டேரைப் பற்றி முழுமையாகச் சொல்வதானால் இன்னொன்றும் உண்டு. 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த தளபதி லாலி, துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு 1766-இல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். இறந்தவரின் பெயரை மீட்க வால்டேர் பல ஆண்டுகள் எழுதினார். 1778 மே மாதம் அத்தீர்ப்பு தள்ளுபடியானது என்ற செய்தி மரணப் படுக்கையில் இருந்த அவருக்கு எட்டியது; நிறைவோடு இறப்பதாக லாலியின் மகனுக்கு எழுதச் சொன்னார். நான்கு நாட்களில் இறந்தார். மறுவுலகத் தீர்ப்பைப் பெரிதாகக் கொள்ளாத ஒருவர், இறந்துபோனவனுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பாடுபட்டார் என்பதை மஞ்சக்குப்பம் ஐயா சிந்திக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் இளைஞன் எழுதியது:

அம்மா, ஐயா, தோழர் எல்லோருக்கும் வணக்கம். நான் நூல்கள் அதிகம் படித்தவன் அல்லன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் சிறுவன். அதற்குப் பின் வந்த மாதங்களில் பல ஊர்களிலிருந்து போதகர்கள் வந்தார்கள். சிலர் அரிசியும் போர்வையும் கொடுத்து, எங்களோடு மணலில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருவர் மட்டும், இது கடவுளின் தண்டனை என்று ஒலிபெருக்கியில் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் அத்தை அப்போது எழுந்து உள்ளே போனவர், அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. இன்றும் அதே தேதியில் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறோம். வரலாறு கடவுளின் கையில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், அன்று காலை அந்தக் கை எங்கே இருந்தது என்று நான் கேட்கலாமா?

மஞ்சக்குப்பம் வாசகர் எழுதியது:

தம்பி, கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் அழித்தன. தண்டனை என்று முழங்கிய போதகர்கள் அங்கும் இருந்தார்கள். இந்த உலகமே இருக்கக்கூடிய உலகங்களில் சிறந்தது என்று தத்துவம் பேசியவர்களைக் கேள்வி கேட்டு வால்டேர் ஒரு கவிதை எழுதினார். அந்தக் கேள்வி உங்களுடையதுதான். அன்று அவர் பக்கம்தான் இயேசு நின்றிருப்பார் என்று நான் நம்புகிறேன். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். ஒலிபெருக்கியில் பேசியவர் லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைப் படித்திருக்க வேண்டும்.

அந்தக் கை எங்கே இருந்தது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் சொல்வதுதான் கிறிஸ்தவ வரலாற்றுப் பார்வை என்று நான் கருதவும் இல்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் கடவுள் நினைத்த காரணத்தைத் தெரிந்துவைத்திருப்பதாகப் பேசியவர் பொசுவே. யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள், கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். நான் நம்புவது வேறு. கொந்தோர்செ கண்ட பத்தாவது காலகட்டம் நாளையே வந்தாலும், அது உங்கள் அத்தையின் பிள்ளையை எட்டாது. வாழ்வோருக்கும் பிறக்கப்போவோருக்கும் மட்டுமே முன்னேற்றம் பயன்படும். நடுவழியில் விழுந்தவர்கள், பின்னால் வருபவர்கள் ஏறிச் செல்லும் படிகளாகவே மிஞ்சுவார்கள். இறந்தோர் எழுப்பப்படுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு ஆறுதல் வார்த்தை அன்று. அது இல்லாமல் வரலாற்றுக்கு நீதி என்று ஒன்று இருக்க முடியும் என எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியை அவர்கள் லாலியைக் குறித்துக் கேட்டதும் இதையே தொடுகிறது. இறந்தவனுக்கும் நீதி பாக்கி இருக்கிறது என்று வால்டேரின் மனம் அறிந்திருந்தது. அவருடைய கொள்கையைவிட அவருடைய மனம் பெரிது.

திருப்பாதிரிப்புலியூர்ப் பகுத்தறிவாளன் எழுதியது:

இறந்தோர் எழுவர் என்பதற்கு எனக்குச் சான்று இல்லை. சான்றில்லாததை ஆறுதலுக்காக ஏற்க என்னால் இயலாது. வால்டேர் பாடுபட்டது லாலியின் உயிருள்ள மகனுக்காகவும், நாளை வேறொருவன் அநியாயமாக வெட்டப்படாமல் இருப்பதற்காகவும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-இல் ஐதராபாத்தில் அமைக்கப்பட்டது. அதுவே இறந்தோருக்கு நாம் செலுத்தும் கடன். அடுத்த தேவனாம்பட்டினத்துப் பிள்ளையைக் காப்பது அதுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் ஒன்றாக எழுவார்கள் என்று நம்புகிறவர்கள், தமிழ்நாட்டில் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதற்கு உங்கள் வரலாற்றுப் பார்வை என்ன சொல்கிறது?

மஞ்சக்குப்பம் வாசகர் எழுதியது:

எச்சரிக்கை மையத்துக்காக நானும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அதை அமைத்தவர்களில் எத்தனை பேர் கடவுளை நம்பினார்கள் என்று கேட்க மாட்டேன்.

கல்லறைக்கான பதில் எளிது. ஞாயிறு தோறும் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அந்த உடல்களுக்கு நடுவே சுவர் வைப்பவர்கள் தாங்கள் சொல்வதை நம்பவில்லை. 1745-இல் சம்பா கோவிலில் முறையிட்டவர்கள் வைத்த வாதமே இதற்கும் போதும். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்துமூலம் வைக்கப்போகிறேன். ஆசிரியை அவர்கள் அந்த நாட்குறிப்புப் பகுதியின் தேதியையும் வாசகத்தையும் இந்த இழையிலேயே பதிவிட்டால், மனுவோடு இணைத்துக்கொள்கிறேன்.